லேசான ஹீமோபிலியா, 68 வயது, அறுவைக்குப் பின் புதுக் கன்றல்கள்: இன்ஹிபிட்டராக இருக்குமா?

கேள்வி, சுருக்கமாக: அப்பாவுக்கு 68 வயது, எடை 65 கிலோ. லேசான ஹீமோபிலியா ஏ. ரத்தம் உறையத் தேவையான புரதமான ஃபாக்டர் 8 அளவு 12 சதவீதம். 22 வயதில் பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் போய்த்தான் நோயே தெரியவந்தது. அதன்பின் வாழ்நாளில் மூன்று நான்கு முறைதான் ஃபாக்டர் ஏற்றியிருக்கிறார்கள். ஐந்து வாரத்துக்கு முன் முழங்கால் மாற்று அறுவை நடந்தது. 12 நாள் தொடர்ந்து ஃபாக்டர் போட்டார்கள், நல்லபடியாக வீட்டுக்கு வந்தார். இப்போது பத்து நாளாகக் கை, தொடை, விலா எல்லாம் கறுநீலமாகக் கன்றுகிறது. அடிபட்ட ஞாபகமே இல்லை. "இன்ஹிபிட்டர் வந்திருக்கலாம்" என்கிறார் டாக்டர். சொந்தக்காரர்கள் "வயசானா தோல் அப்படித்தான்" என்கிறார்கள். லேசான ஹீமோபிலியாவுக்கு, அதுவும் இந்த வயதில், இன்ஹிபிட்டர் வருமா? வந்தால் என்ன செய்வது?

பதில்:

வரும் அம்மா. இன்ஹிபிட்டர் என்பது ஏற்றிய ஃபாக்டருக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் எதிரணு (ஆன்டிபாடி), அது ஃபாக்டரை வேலை செய்ய விடாது. உங்கள் டாக்டரின் சந்தேகம் மிகச் சரியான சந்தேகம். லேசான ஹீமோபிலியா உள்ளவர்களுக்கு இன்ஹிபிட்டர் தலைகாட்டுவது பெரும்பாலும் இப்படித்தான்: ஒரு பெரிய அறுவை, நாள்கணக்கில் ஃபாக்டர், நிம்மதியாக வீடு திரும்பல், பிறகு சில வாரங்களில் காரணமில்லாத கன்றல்.

விளக்கத்தை அப்புறம் சொல்கிறேன். இன்றைக்கே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. அப்பாவுக்கு இடுப்பிலோ கையிலோ தசை ஊசி எதுவும் போட விடாதீர்கள். நம் ஊரில் முட்டி வலி என்று போய் உட்கார்ந்தாலே டைக்ளோஃபினாக் ஊசி போட்டுவிடுவார்கள். இன்ஹிபிட்டர் உள்ளவருக்கு அந்த ஒரு ஊசி பிட்டத்துத் தசைக்குள் பெரிய ரத்தக்கட்டாக முடியலாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். அடுத்தது, முழங்கால் மாற்று அறுவைக்குப் பிறகு காலில் ரத்தம் கட்டாமலிருக்க ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரையோ வயிற்றுத் தோலில் போடும் ஊசியோ எழுதிக்கொடுப்பது வழக்கம். அப்பாவின் மருந்துச் சீட்டில் அப்படி ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். கன்றலுக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம், இன்ஹிபிட்டரோடு சேர்ந்து இரட்டை ஆபத்தாகவும் இருக்கலாம். ஆனால் இதய ஸ்டென்ட்டுக்காக ஆஸ்பிரினோ குளோபிடோகிரலோ சாப்பிடுபவராக இருந்தால் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. அதை இதய மருத்துவரும் ரத்தவியல் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும்.

தலைவலி புதிதாக வந்தாலோ, பேச்சு குழறினாலோ, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, சிறுநீர் சிவந்தாலோ, ஒரு பக்கக் கவட்டையில் வலித்து காலை நீட்ட முடியாமல் மடக்கியே வைத்துக்கொண்டாலோ, முன்கை வீங்கி விரல்கள் மரத்துப் போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கவட்டை வலி இடுப்புக்குள் இருக்கும் சோயாஸ் தசையில் ரத்தம் இறங்குவதன் அடையாளம். வெளியே ஒரு சொட்டு ரத்தமும் தெரியாது. ஆனால் உள்ளே ஒரு லிட்டருக்கு மேல்கூடத் தேங்கிவிடும். முதியவர்களில் இதை வாயு, முதுகுப் பிடிப்பு, குடலிறக்கம் என்று எண்ணி நாள் கடத்துவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

இனி 'லேசான' என்ற சொல்லைப் பற்றி. ஃபாக்டர் 8 ஒரு சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தீவிரம், 1 முதல் 5 வரை மிதம், 5க்கு மேல் 40 வரை லேசு. இந்த வகைப்பாடு உடம்பில் ஃபாக்டர் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. லேசு என்பதால் இன்ஹிபிட்டர் வரவே வராது என்று அது சொல்வதில்லை. தீவிர ஹீமோபிலியா ஏ உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கு இன்ஹிபிட்டர் வருகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதன் பக்கத்தில் வைத்தால் லேசான வகையின் எண் சின்னதாகத் தெரியும். அதனால்தான் குடும்பங்கள் மட்டுமல்ல, மருத்துவர்களும் இதை மறந்துபோகிறார்கள்.

இந்த விஷயத்தில் நம்மிடம் இருக்கும் பெரிய தரவு இன்சைட் என்ற ஆய்வு. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள 34 மையங்கள் சேர்ந்து செய்தது. அவற்றில் 14 மையங்களைச் சேர்ந்த, தீவிரமல்லாத 1,112 நோயாளிகளை மரபணு மாற்றத்தோடு சேர்த்து அலசி 2013இல் வெளியிட்டார்கள். அவர்களில் 59 பேருக்கு இன்ஹிபிட்டர் வந்திருந்தது. அதாவது 5.3 சதவீதம். இந்த எண்ணோடு நின்றுவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. ஃபாக்டர் ஏற்றிக்கொண்ட நாள்களை எண்ணினால், 50 நாள் ஆகும்போது அபாயம் 6.7 சதவீதம். 100 நாள் ஆகும்போது 13.3 சதவீதம். தீவிர வகையில் முதல் 50, 75 நாள்களைத் தாண்டிவிட்டால் அபாயம் மிகவும் அடங்கிவிடும். குழந்தைக்கு இரண்டு மூன்று வயதுக்குள் அந்தக் கண்டம் கழிந்துவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். லேசான வகையில் அந்தக் கண்டம் கழிவதே இல்லை. ஏறிக்கொண்டே போகிறது.

அப்பாவின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 68 வருடத்தில் மொத்தமே பத்து நாளுக்குள்தான் ஃபாக்டர் ஏறியிருக்கும். முழங்கால் மாற்று அறுவைக்கு ஃபாக்டர் அளவைச் சுமார் 100 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு கிலோ எடைக்கு ஒரு யூனிட் போட்டால் 2 சதவீதம் ஏறும். 12இலிருந்து 100க்கு ஏற்ற கிலோவுக்கு 44 யூனிட். 65 கிலோவுக்கு ஒரே தவணையில் கிட்டத்தட்ட 3,000 யூனிட். ஏற்றிய ஃபாக்டர் 8இன் அளவு 8 முதல் 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்பதால் மறுபடி, மறுபடி. பன்னிரண்டு நாளில் அவர் உடம்பு பார்த்த ஃபாக்டர், அதற்கு முந்தைய 68 வருடத்தில் பார்த்ததைவிட அதிகம்.

இதற்கு உடம்பு ஏன் எதிர்ப்புக் காட்டுகிறது? தீவிர வகையில் ஃபாக்டர் 8 கிட்டத்தட்ட இல்லவே இல்லை, ஆகவே வெளியிலிருந்து வருவது அந்நியம். அது புரிகிறது. அப்பாவின் உடம்பில்தான் ஃபாக்டர் 8 ஓடுகிறதே, அதைப் பார்த்துப் பழகிய நோய் எதிர்ப்பு மண்டலம் ஏன் சண்டைக்கு நிற்கிறது? காரணம் ஒரே ஓர் எழுத்துப் பிழை போன்றது. ஃபாக்டர் 8 என்பது 2,332 அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சரம். லேசான வகையில் பெரும்பாலும் அந்தச் சரத்தில் ஒரே ஒரு மணி மட்டும் மாறியிருக்கும். உடம்பு பிறந்ததிலிருந்து அந்தப் பிழையுள்ள சரத்தையே தன்னுடையது என்று அறிந்து வைத்திருக்கிறது. மருந்தாக ஏற்றுவது பிழையில்லாத சரம். அந்த ஒரு மணி இருக்கும் இடத்தில் புரதத்தின் மடிப்பே வேறாக இருந்தால், இது நம்முடையதல்ல என்று எதிரணுக்கள் எழுகின்றன. அதிலும் அறுவை நடந்த உடம்பு ஏற்கெனவே காயம், அழற்சி என்று உஷார் நிலையில் இருக்கிறது. அந்த நேரத்தில் புதுப் புரதம் வெள்ளமாக வந்தால் கண்ணில் படாமல் போகாது. இன்சைட் குழுவினரே 2017இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், ஒரு நாளில் கிலோவுக்கு 45 யூனிட்டுக்கு மேல் ஏற்றிக்கொண்டவர்களிலும் அறுவை நடந்தவர்களிலும் இன்ஹிபிட்டர் பல மடங்கு அதிகம் என்று கண்டார்கள்.

எல்லா மரபணு மாற்றமும் ஒரே மாதிரி அல்ல. இன்சைட்டில் பார்த்த 214 வகை மாற்றங்களில் 19 மட்டுமே இன்ஹிபிட்டரோடு தொடர்புடையவையாக இருந்தன. 593ஆவது இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் சிஸ்டீன் வரும் மாற்றம் அவற்றில் பேர்போனது. புதிய எண்முறையில் அதையே 612 என்று எழுதுவார்கள், குழம்ப வேண்டாம். அப்பாவின் மாற்றம் எது என்று அறுவைக்கு முன்பே தெரிந்திருந்தால் எச்சரிக்கையாக இருந்திருக்கலாம். இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், அது உங்களையும் தொடும் விஷயம்.

இன்ஹிபிட்டர் வந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதில்தான் லேசான வகைக்கும் தீவிர வகைக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு இருக்கிறது. தீவிர வகைக்காரருக்கு இழக்க எதுவுமில்லை. முன்பும் பூஜ்யம், இப்போதும் பூஜ்யம். மருந்து வேலை செய்யாது, அவ்வளவுதான். அப்பாவுக்கோ வெளி ஃபாக்டருக்கு எதிராக எழுந்த எதிரணு, அவருடைய சொந்த ஃபாக்டரையும் சேர்த்து அழிக்கத் தொடங்கலாம். அப்போது 12 சதவீதம் ஒன்றுக்கும் கீழே போய்விடும். வாழ்நாள் முழுக்க லேசான நோயோடு வாழ்ந்த மனிதர் சில வாரத்தில் தீவிர நோயாளி ஆகிவிடுகிறார். ரத்தக்கசிவின் முகமும் மாறிவிடுகிறது. ஹீமோபிலியா என்றால் மூட்டுக்குள் ரத்தம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இங்கே பரந்த கன்றல், தசைக்குள் ரத்தக்கட்டு, குடலிலும் சிறுநீர்ப் பாதையிலும் கசிவு என்று வரும். நோயே இல்லாத முதியவர்களுக்குத் திடீரென வரும் 'பெற்ற ஹீமோபிலியா' என்ற தன்னெதிர்ப்பு நோயின் முகம் அது. நீங்கள் எழுதியிருக்கும் கன்றல்கள் அந்த முகத்தைத்தான் காட்டுகின்றன.

சிலருக்கு இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். 1999இல் பெல்ஜியத்தின் லூவன் நகர மருத்துவர்கள் எழுதிய நோயாளிகளில், எதிரணு வெளியிலிருந்து வரும் ஃபாக்டரை மட்டும் அடையாளம் கண்டு தாக்கியது. சொந்தத்தை விட்டுவிட்டது. இப்படிப்பட்டவருக்குக் கன்றல் ஒன்றும் வராது. அடுத்த முறை அவசரமாக ஃபாக்டர் ஏற்றும்போதுதான் அது வேலை செய்யவில்லை என்று தெரியும். அதனால்தான் அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதிக்க வேண்டும் என்கிறோம்.

இதை நான் மறக்க முடியாதபடி கற்றது ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரிடம். 71 வயது. ஃபாக்டர் 15 சதவீதம். வேறோர் ஊரில் புராஸ்டேட் அறுவை நடந்து, எட்டு நாள் ஃபாக்டர் போட்டு, நன்றாக வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆறு வாரம் கழித்து வலது முன்கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கத்தரிக்காய் நிறத்தில் பளபளவென்று வீங்கி வந்தார். ரத்த அழுத்தம் பார்க்கக் கட்டிய பட்டையின் விளிம்பு மேற்கையில் கோடு போட்டது போல அப்படியே கறுத்துப் பதிந்திருந்தது. மகன் கூடவே நின்று, "ரெண்டு வாரமா இருக்கு சார், வயசான தோல்தானேன்னு விட்டுட்டோம்" என்றார். அவர் ஃபாக்டர் அளவு ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்தது. அறுவைக்குப் பிறகு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் கை அந்த நிலைக்கு வருமுன் பிடித்திருக்கலாம். அனுப்பியவர்கள் கெட்டவர்கள் அல்லர். 'லேசான' என்ற சொல்லை நம்பிவிட்டார்கள். அந்தக் கை சரியாக நான்கு மாதம் ஆயிற்று, சுண்டுவிரல் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. எட்டு நாள் ஃபாக்டர் போட்டவர் எவரையும் அதன்பின் நான் இன்ஹிபிட்டர் சோதனைக்குத் தேதி குறிக்காமல் அனுப்பியதில்லை.

வயதானால் தோல் மெலிவது உண்மைதான். அந்தக் கன்றல் பெரும்பாலும் முன்கையின் வெளிப்புறத்திலும் புறங்கையிலும் வரும், சிறு தட்டையான செந்நீலத் திட்டுகளாக இருக்கும், தொட்டால் தடிப்பு இருக்காது. விலாவிலும் தொடையிலும் உள்ளங்கை அகலத்துக்கு, உள்ளே கட்டியோடு, வலியோடு வருவது வயதின் வேலை அல்ல.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் ஏ.பி.டி.டி. என்ற சாதாரணச் சோதனை, ரத்தம் உறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பது. அப்பாவுக்கு அது முன்பும் கொஞ்சம் நீண்டிருக்கும், ஆகவே பழைய அறிக்கையை எடுத்துக்கொண்டு போய் ஒப்பிடுங்கள். பி.டி. என்ற இன்னோர் உறைவுச் சோதனை, தட்டணுக்கள் இரண்டும் இயல்பாக இருந்து ஏ.பி.டி.டி. மட்டும் முன்பைவிட நீண்டிருந்தால் அடுத்த படி கலவைச் சோதனை. பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். நோயாளியின் பிளாஸ்மா ஒரு பங்கு, ஆரோக்கியமானவர்களின் பிளாஸ்மா ஒரு பங்கு, ஒரே குழாயில் கலந்து உடனே நேரம் பார்ப்போம். ஃபாக்டர் குறைவு மட்டும்தான் என்றால், ஆரோக்கியமான பாதி அதை ஈடுகட்டி நேரம் இயல்புக்கு வந்துவிடும். இன்ஹிபிட்டர் இருந்தாலும் அந்த முதல் நொடியில் இயல்புக்கு வந்தது போலவே தெரியும். இங்கேதான் ஏமாறுவார்கள். ஃபாக்டர் 8க்கு எதிரான எதிரணு நிதானமாக வேலை செய்யும். அதே கலவையை 37 டிகிரி நீர்த்தொட்டியில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, கலந்தவுடன் 36 நொடி காட்டியது இரண்டு மணி கழித்து 62 காட்டினால் உள்ளே யாரோ ஃபாக்டரைத் தின்றுகொண்டிருக்கிறார்கள் என்று பொருள். அவசரத்தில் முதல் எண்ணை மட்டும் பார்த்து "கரெக்ட் ஆகிவிட்டது, இன்ஹிபிட்டர் இல்லை" என்று அறிக்கை கொடுத்தால் அது தவறு. அறிக்கையில் 'இரண்டு மணி நேர அடைகாப்புக்குப் பின்' என்ற எண் இருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

உறுதி செய்வது பெதஸ்டா சோதனை. 1975இல் வகுக்கப்பட்டது. கலவையில் ஃபாக்டர் 8இல் பாதியை அழிக்கும் அளவு எதிரணு ஒரு பெதஸ்டா யூனிட். அதைத் திருத்திய நைமேகன் முறையில் செய்தால் குறைந்த அளவுகளையும் நம்பலாம். 0.6க்குக் குறையாமல் இருந்தால் இன்ஹிபிட்டர் உண்டு என்று எடுத்துக்கொள்வோம். 5ஐத் தாண்டினால் உயர் வகை. அந்த நிலையில் சாதாரண ஃபாக்டரை எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை. லேசான வகையில் இந்த எண் உண்மையான ஆபத்தைக் குறைத்துக் காட்டுவதும் உண்டு. எண் சிறிதாக இருக்கிறதே என்று நிம்மதியடையாமல், கூடவே ஃபாக்டர் 8 அளவையும் பாருங்கள். 12 இருந்தது 12ஆகவே இருக்கிறதா, 3க்கு வந்துவிட்டதா என்பதுதான் அப்பாவுக்கு நாளைய கதை. ரத்தம் எடுக்கும்போது நல்ல நரம்பில் ஒரே குத்தில் எடுக்கச் சொல்லி, அந்த இடத்தைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் மருந்து போட்டுக் கழுவிய குழாயிலிருந்து எடுத்த மாதிரியாக இருந்தால் எல்லா எண்ணும் பாழ். வேலூர் சி.எம்.சி.யில் இந்தச் சோதனைகள் நம்பிக்கையாகச் செய்யப்படுகின்றன. உலக ஹீமோபிலியா கூட்டமைப்பின் 2020 வழிகாட்டி நூலின் முதல் ஆசிரியரான அலோக் ஸ்ரீவத்சவா அங்கே பணியாற்றியவர். உங்கள் ஊரிலிருந்து மாதிரியை அனுப்பினால் பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வைத்துத்தான் அனுப்ப வேண்டும். முழு ரத்தத்தைப் பஸ்ஸில் போட்டு விட்டால் ஃபாக்டர் வழியிலேயே குறைந்துவிடும்.

சிகிச்சைக்கு வருவோம். இரண்டு வேலைகள்: ரத்தக்கசிவை நிறுத்துவது, எதிரணுவை ஒழிப்பது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

கசிவு பெரிதாக இருந்தால் ஃபாக்டர் 8ஐச் சுற்றிக்கொண்டு போகும், அதாவது அது இல்லாமலே ரத்தத்தை உறைய வைக்கும் மருந்துகள் வேண்டும். ஒன்று செயலூட்டிய ஃபாக்டர் 7, வழக்கமாகக் கிலோவுக்கு 90 மைக்ரோகிராம், இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை. இன்னொன்று ஃபைபா என்ற, செயலூட்டிய உறைவு ஃபாக்டர்களின் கூட்டுக் கலவை, கிலோவுக்கு 50 முதல் 100 யூனிட், ஒரு நாளில் 200ஐத் தாண்டக் கூடாது. இளைஞர்களுக்கு இவற்றைக் கொடுக்கும்போது எங்களுக்கு இருக்கும் தைரியம் 68 வயதுக்காரரிடம் இருப்பதில்லை. ரத்தக்குழாய்களில் கொழுப்புப் படிவு, சுகர், பி.பி., பழைய ஸ்டென்ட் இவையெல்லாம் உள்ள உடம்பில் இதே மருந்து மாரடைப்பையோ பக்கவாதத்தையோ கொண்டுவரலாம். அதனால் கசிவு உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்றால் தயங்காமல் கொடுப்போம், வெறும் தோல் கன்றலுக்குக் கொடுக்க மாட்டோம். அப்பாவுக்கு இப்போது கன்றல் மட்டும்தான் என்றால் அவரைப் படுக்க வைத்து மணிக்கொரு ஊசி போட யாராவது அவசரப்பட்டால், ஏன் என்று கேளுங்கள்.

எமிசிசுமாப் என்ற தோலடி ஊசி இந்த நிலவரத்தை நிறைய மாற்றியிருக்கிறது. ஃபாக்டர் 8 செய்யும் வேலை, செயலூட்டிய ஃபாக்டர் 9ஐயும் ஃபாக்டர் 10ஐயும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து வைப்பது. இந்த மருந்து இரண்டு கைகள் உள்ள எதிரணு, அதே பிடிப்பை இது செய்கிறது. உருவத்தில் ஃபாக்டர் 8 அல்ல என்பதால் இன்ஹிபிட்டருக்கு இது தெரியாது. 2017இல் அமெரிக்காவில் முதலில் இன்ஹிபிட்டர் உள்ளவர்களுக்கே அனுமதி பெற்றது. முதல் நான்கு வாரம் வாரம் ஒரு ஊசி, பிறகு வாரமோ இரண்டு வாரமோ நான்கு வாரமோ ஒரு முறை. இது வருமுன் காப்பது, ஓடும் ரத்தத்தை நிறுத்துவதற்கல்ல. போடுவதாக முடிவானால் இரண்டு எச்சரிக்கைகளை அப்பாவின் அட்டையில் எழுதி வையுங்கள். ஒன்று, இதோடு ஃபைபாவை ஒரு நாளில் கிலோவுக்கு 100 யூனிட்டுக்கு மேல் சேர்த்துக் கொடுத்தபோது சிறு ரத்தக்குழாய்களில் உறைகட்டி வந்து ஆபத்தாகியிருக்கிறது. ஆகவே அவசரம் வந்தால் செயலூட்டிய ஃபாக்டர் 7தான் முதல் தேர்வு. இரண்டு, இந்த மருந்து உடம்பில் இருக்கும்வரை ஏ.பி.டி.டி. பொய் சொல்லும். ரொம்ப நன்றாக இருப்பது போல் காட்டும். கடைசி ஊசிக்குப் பிறகும் ஆறு மாதம் வரை அதன் மிச்சம் இருக்கும். அந்தக் காலத்தில் இன்ஹிபிட்டரைப் பார்க்க மாட்டு ஃபாக்டர் கொண்டு செய்யும் நிறமாற்றச் சோதனை தேவை. விஷயம் தெரியாத கூடத்தில் 'நார்மல்' என்று வரும் அறிக்கையை நம்பி யாரும் அறுவை செய்துவிடக் கூடாது.

எதிரணுவை ஒழிப்பது பற்றி என் கருத்து கொஞ்சம் பொறுமையின் பக்கம். இன்சைட் குழு தீவிரமல்லாத வகையில் இன்ஹிபிட்டர் வந்த 101 பேரைத் தொடர்ந்து பார்த்தது. எந்த ஒழிப்புச் சிகிச்சையும் கொடுக்காமல் விட்டவர்களில் சுமார் 70 சதவீதத்தினருக்கு அது தானாகவே மறைந்தது. குழந்தைகளுக்குச் செய்வது போலத் தினமும் ஃபாக்டரைக் கொட்டிப் பழக்கும் முறை லேசான வகையில் அவ்வளவாகப் பலன் தருவதில்லை. ஸ்டீராய்டு, ரிட்டுக்சிமாப் போன்ற எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் பலன் தரலாம். ஆனால் 68 வயதில் அவற்றுக்கு விலை உண்டு. ஜெர்மனி, ஆஸ்திரியா மையங்கள் 'பெற்ற ஹீமோபிலியா' உள்ள 102 பேரை இப்படி அடக்கிச் சிகிச்சை செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தக்கசிவால் இறந்தவர்களைவிட நோய்த்தொற்றால் இறந்தவர்களே அதிகம். அவர்களும் பெரும்பாலும் முதியவர்கள். ஆகவே சொந்த ஃபாக்டர் கொஞ்சமாவது நிற்கிறது, பெரிய கசிவு இல்லை என்றால் ஃபாக்டர் 8ஐ அறவே தவிர்த்துவிட்டு, மாதாமாதம் அளவு பார்த்துக் காத்திருப்பதை நான் விரும்புவேன். ஃபாக்டர் ஒன்றுக்குக் கீழே போய், கசிவும் தொடர்ந்தால் காத்திருப்பது சரியல்ல, அடக்கும் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். அதற்குமுன் சுகர், மஞ்சள் காமாலை பி வைரஸ், காசநோய் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். நம் நாட்டில் இதைத் தவிர்க்கவே கூடாது.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதல்ல. அதே குழுவின் 2015 இறப்புக் கணக்கில், இன்ஹிபிட்டர் உள்ளவர்கள் இறக்கும் வீதம் இல்லாதவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "லேசானதுதானே" என்று யாராவது வீட்டில் சொன்னால் இந்த ஒரு வரியைக் காட்டுங்கள்.

டெஸ்மோபிரசின் பற்றியும் கேட்பீர்கள். 1977இல் இத்தாலியின் மன்னுச்சியும் அவர் குழுவினரும் இந்த மருந்து உடம்பில் சேமித்து வைத்த ஃபாக்டர் 8ஐ வெளியே தள்ளும் என்று காட்டினார்கள். சொந்த ஃபாக்டர் என்பதால் இன்ஹிபிட்டர் உண்டாகும் பேச்சே இல்லை. அப்பாவுக்குப் பல் பிடுங்கவோ சிறு கட்டி எடுக்கவோ இது போதுமாக இருக்கும். 12 சதவீதம் மூன்று மடங்கானால் 36. முழங்கால் மாற்றுக்கு அது பற்றாது, ஆகவே இந்த முறை ஃபாக்டர் போட்டது தவறில்லை. எதிரணு சொந்த ஃபாக்டரை விட்டுவைத்திருந்தால் இப்போதும் உதவலாம், தின்றுகொண்டிருந்தால் பலன் இருக்காது. முதியவர்களுக்கு இதிலும் கவனம் வேண்டும். சிறுநீரைத் தடுப்பதால் சோடியம் இறங்கி வலிப்பு வரலாம். அன்றைக்கு ஒரு லிட்டர், அதிகம் போனால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர், மோர், கஞ்சி எதுவும் கூடாது. இதய நோய் இருந்தால் பெரும்பாலும் தவிர்ப்போம். இன்னொன்று, படுக்கையில் சிறுநீர் போகும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மூக்கு ஸ்ப்ரேயில் ஒரு அழுத்தலுக்கு 10 மைக்ரோகிராம்தான். ஹீமோபிலியாவுக்கான ஸ்ப்ரேயில் 150. மருந்துக்கடையில் பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று முதலாவதை வாங்கி வந்து அடித்துவிட்டுப் பல் பிடுங்கப் போனவர்களை எனக்குத் தெரியும்.

இன்ஹிபிட்டர் மறைந்த பிறகும் அது போய்விட்டது என்று எண்ண வேண்டாம். நினைவு இருக்கும். மறுபடி ஃபாக்டர் 8 ஏறினால் சில நாளில் எழும்பி நிற்கலாம். அப்பாவுக்கு அடுத்து கண்புரை, பெருங்குடல் பாலிப், பல் எது வந்தாலும் ரத்தவியல் மருத்துவரிடம் சொல்லாமல் தேதி குறிக்காதீர்கள். இன்ஹிபிட்டர் இல்லை என்றே இந்த முறை அறிக்கை வந்தாலும் சரி, இனி ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து ஃபாக்டர் ஏறினால், கடைசி ஊசியிலிருந்து நான்கு வாரத்துக்குள் ஒரு பெதஸ்டா சோதனை. மேலே சொன்ன 2020 வழிகாட்டியும் இதையே சொல்கிறது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபாக்டர் இலவசமாகக் கிடைக்கிறது, அது பெரிய கொடை. அந்த ஊசியோடு இந்தத் தேதியையும் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. நீங்கள் அவர் மகள். ஹீமோபிலியா எக்ஸ் குரோமோசோமில் இருப்பது, அப்பாவுக்கு இருக்கும் ஒரே எக்ஸ் உங்களுக்கு வந்தே தீரும். ஆகவே நீங்கள் இந்த மரபணுவைச் சுமப்பவர் என்பதில் சந்தேகமே இல்லை. மாதவிடாயில் அதிக ரத்தம் போகிறதா, பிரசவத்துக்குப் பின் நிற்க நாளானதா? உங்கள் ஃபாக்டர் 8 அளவும் குறைவாக இருக்கக்கூடும், அதை யாரும் இதுவரை பார்த்திருக்க மாட்டார்கள். உங்களுக்கு மகன் இருந்தால் அவனுக்கு இந்த நோய் வர இரண்டில் ஒரு வாய்ப்பு, வந்தால் தாத்தாவின் அதே மரபணு மாற்றத்தோடு, அதே இன்ஹிபிட்டர் அபாயத்தோடு வரும். அப்பாவின் மாற்றம் எதுவென்று தெரிந்தால், அவனுக்கு டான்சில் அறுவை என்று ஒரு நாள் வரும்போது ஃபாக்டரை எடுப்பதற்கு முன் டெஸ்மோபிரசினைச் சோதித்துப் பார்க்க உங்கள் கையில் காரணம் இருக்கும். நாளைக்கு அப்பாவுக்கு ரத்தம் எடுக்கும்போது உங்களுக்கும் ஒரு குழாய் எடுக்கச் சொல்லுங்கள்.